சொட்டு நீலம் போட்ட லேப்டாப்

மகளுக்கு லேப்டாப் வாங்கப் போன அன்று என் கைப்பையில் ஒரு துண்டுத் துணியும் இருந்தது. வந்த வினையெல்லாம் அதனால்தான்.

ராஜபாளையத்தில் ஆஸ்பத்திரிகளுக்குக் கட்டுத்துணி செய்யும் ஒரு கம்பெனியில் நான் செக்கிங் பிரிவில் இருக்கிறேன். சலவையாகி வரும் துணியின் வெள்ளை சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. எங்கள் பிரிவில் இதற்கு 'வெள்ளை பாக்குறது' என்றுதான் பெயர். "அவிய எங்க?" என்று யாராவது என்னைத் தேடி வந்தால், "வெள்ளை பாக்காக" என்று சொல்லி அனுப்புவார்கள். வெள்ளையில் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்பவர்களிடம் நான் பேச்சை வளர்ப்பதில்லை. பழுப்படித்த வெள்ளை உண்டு, சாம்பல் தட்டிய வெள்ளை உண்டு. எல்லாவற்றிலும் மோசம் நீலம் ஏறிய வெள்ளை. வீட்டு வேட்டிக்குச் சொட்டு நீலம் போடலாம், புண்ணில் வைக்கிற துணிக்குப் போடக்கூடாது. பார்ப்பதற்குப் பளிச்சென்று இருக்கும், ஆனால் ஏமாற்று. ஒத்துப் பார்க்க எங்களிடம் ஒரு சாம்பிள் துணி உண்டு. வடக்குப் பக்கத்துச் சன்னல் வெளிச்சத்தில் இரண்டையும் சேர்த்துப் பிடித்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். பழைய சாம்பிளை மாற்றியபோது கேட்டு வாங்கி ஒரு துண்டைப் பையில் போட்டு வைத்திருந்தேன். ஏன் என்று கேட்டால் எனக்கே தெரியாது.

மகள் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்லூரியில் விஸ்காம் படிக்கிறாள். படம் எடுப்பது, எடுத்ததை வெட்டிச் சேர்ப்பது, நிறம் திருத்துவது, போஸ்டர் போடுவது, இதெல்லாம் படிப்பு. நான் நர்சிங் படி என்று தலையால் தண்ணீர் குடித்துப் பார்த்தேன். ராணுவத்தில் வடக்கே இருக்கும் அவள் அப்பா போனில், "பிள்ளை கேக்குறதப் படிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு அதோடு தன் கடமை முடிந்தது என்று வைத்துவிட்டார். லேப்டாப் விஷயத்திலும் அதே பேச்சுதான். தூரத்தில் இருப்பவர்களுக்கு நல்லவராக இருப்பது எவ்வளவு சுலபம்.

ஒரு மாதமாக அவள் போனில் லேப்டாப் வீடியோக்களாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னாலும் ஒருவன் லேப்டாப்பைத் திருகித் திருகிக் காட்டிக்கொண்டிருப்பான். ரேம் எம்புட்டு, கிராஃபிக்ஸ் கார்டு என்ன என்று ஒரு நோட்டில் பக்கம் பக்கமாக எழுதி வைத்திருந்தாள். இந்த அக்கறையில் கால்வாசி பன்னிரண்டாம் வகுப்பில் வேதியியலுக்குக் காட்டியிருந்தால் நர்சிங்கே கிடைத்திருக்கும் என்று நான் சொன்னதற்கு இரண்டு நாள் பேசவில்லை.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் கடைக்குப் போனோம். கடைக்காரருக்கு என் வயதுதான் இருக்கும், பொறுமையான மனிதர். நாலைந்து லேப்டாப்பை வரிசையாகத் திறந்து வைத்தார். மகள் நோட்டைப் பார்த்துக் கேள்வி கேட்க, அவர் பதில் சொல்ல, எனக்கு ஒரு வார்த்தை விளங்கவில்லை. சும்மா நிற்கப் பிடிக்காமல் திரைகளைப் பார்த்தேன். ஐந்திலும் வெள்ளைப் பக்கம் ஒன்று திறந்திருந்தது. ஐந்தும் ஐந்து வெள்ளை. எனக்குக் கை துறுதுறுத்தது. பையிலிருந்து துணியை எடுத்து ஒவ்வொரு திரையோடும் சேர்த்துப் பிடித்தேன்.

"யம்மா, என்ன பண்ற?" என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு.

அவள் தேர்ந்தெடுத்து வைத்திருந்தது, எழுத்துக்கு அடியில் சிவப்பு விளக்கு எரிகிற பெரிய கறுப்பு லேப்டாப். அதன் பக்கத்தில் துணி பழையதாகத் தெரிந்தது. எனக்கு உடனே பிடிபட்டுவிட்டது.

"இது வேண்டாம்ட்டி. இதுக்குச் சொட்டு நீலம் போட்டிருக்காங்க."

கடைக்காரர் முதலில் முழித்தார், பிறகு சிரித்தார். "அது டிஸ்ப்ளே அக்கா. அப்படித்தான் இருக்கும்."

"அப்ப இந்தா இது ஏன் அப்படி இல்ல?" என்று ஓரத்தில் இருந்த ஒல்லியான ஒன்றைக் காட்டினேன். துணியும் திரையும் அக்கா தங்கை மாதிரி ஒத்துப்போயின. அவர் என் கையிலிருந்த துணியைப் பார்த்து, "அக்கா ஜவுளிக்கடை வச்சிருக்கீங்களா?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் மகள் முந்திக்கொண்டாள். "இல்ல சார். அம்மா வீட்லதான் இருக்காங்க."

நான் கோபக்காரி. காய்கறி நிறுவையில் கொஞ்சம் குறைந்தாலும் தெருவே கேட்கும்படி பேசிவிடுவேன். அன்றைக்கு எனக்குக் கோபம் வரவில்லை. துணியை நாலாக மடித்துப் பையில் வைத்தேன். "உனக்கு எது வேணுமோ அத எடு" என்றேன். அவள் கறுப்பையே எடுத்தாள்.

காலை எட்டு மணிக்குப் போய் ஆறு மணி வரை நின்றுகொண்டே பார்க்கிற வேலை. அந்தச் சம்பளத்தில்தான் அவள் கல்லூரிக்குப் போகிறாள். அதை ஒரே வார்த்தையில் இல்லாமல் ஆக்கிவிட்டாளே என்று வலித்தது. கூடப் படிக்கிற பிள்ளைகளின் அம்மாக்கள் டீச்சராகவும் பேங்கிலும் இருக்கலாம். கட்டுத்துணி பார்க்கிற அம்மா என்று சொல்லக் கூச்சமாக இருந்திருக்கும். அதை நான் புரிந்துகொண்டேன், மன்னிக்கவில்லை. ஒருவேளை எல்லாரிடமும் இப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறாளோ என்ற எண்ணம் வேறு வேலை நேரத்தில் வந்து வந்து போனது.

கல்லூரியில் முதல் வேலையாக இரண்டு நிமிடப் படம் ஒன்று கேட்டிருந்தார்கள். தோழிகளோடு பிளவக்கல் அணைப் பக்கம் போய்க் கொக்குகளை எடுத்து வந்தாள். ஒரு வாரம் லேப்டாப்பும் கையுமாக இருந்தாள். கொக்கு ஒரு காலைத் தூக்கி, வைக்கலாமா வேண்டாமா என்று யோசித்து, மெல்லத் தண்ணீரில் வைக்கும். அந்த யோசனை தீர்கிற இடத்தில் சரியாக வெட்டியிருந்தாள். பின்னால் நின்று பார்த்துவிட்டு, இவள் கெட்டிக்காரிதான் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். வெளியே சொல்லவில்லை. எனக்கு வீம்பு.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தவள் செருப்பை உதறிய விதத்திலேயே தெரிந்தது. வகுப்பில் பெரிய திரையில் படத்தைப் போட்டிருக்கிறார்கள். கொக்குகள் எல்லாம் மஞ்சளாக வந்திருக்கின்றன. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்து, "மஞ்சத்தண்ணி ஊத்துன கொக்கு" என்று பெயர் வைத்துவிட்டார்களாம். அடுத்த மாதம் பெற்றோர் முன்னால் போட்டுக் காட்டுவதற்குள் திருத்திக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார் ஆசிரியர். இல்லையென்றால் அவள் படம் இடம்பெறாது. சொல்லும்போதே அழுதாள்.

ஏன் அப்படி ஆனது என்று அவளுக்கும் அதற்குள் தெரிந்திருந்தது. திரை நீலமாகக் காட்டியதால் கொக்கை வெள்ளையாக்க இவள் மஞ்சளைக் கூட்டிக்கொண்டே போயிருக்கிறாள். அவள் திரையில் வெள்ளை, ஊர்த் திரையில் மஞ்சள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அடுப்படி வாசலில் வந்து நின்றாள்.

"யம்மா, அந்தத் துணி எங்க?"

"எந்தத் துணி?"

"அதான், அன்னிக்குக் கடைக்குக் கொண்டாந்தியே."

"வீட்ல சும்மா இருக்கவகிட்ட என்ன துணிட்டி இருக்கப்போகுது?"

இத்தனை நாள் தேக்கி வைத்திருந்தது பட்டென்று வந்துவிட்டது. அவள் முகம் விழுந்துபோனது. கால் விரலால் தரையைத் தேய்த்துக்கொண்டே நின்றாள். சின்ன வயதில் சிலேட்டைத் தொலைத்துவிட்டு வந்தபோது இப்படித்தான் நின்றாள். எனக்குப் பொறுக்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு பையை எடுத்தேன்.

விளக்கையெல்லாம் அணைக்கச் சொல்லி, வடக்குச் சன்னலோரம் லேப்டாப்பை வைத்தோம். திரையின் நிறத்தைக் கூட்டிக் குறைக்கிற இடத்தை அவள் தேடிக் கண்டுபிடித்தாள். நான் துணியைப் பிடித்துக்கொண்டேன்.

"நீலத்தக் கொற."

"இம்புட்டு போதுமா?"

"இன்னும் செத்த. ஐயோ, இப்பப் பழுப்படிக்கி. பின்னால போ."

காலைச் சாப்பாடு ஆறிப்போனது. ஒரு இடத்தில் வெள்ளை வந்து நின்றது. "கை எடு, தொடாத" என்றேன். பிறகு அவள் கொக்குகளைத் திறந்து பார்த்தாள். அத்தனையும் மஞ்சள் குளித்து நின்றன. அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. நான் கைகாட்டிய ஒல்லி லேப்டாப்பை வாங்கியிருந்தால் படம் வெட்டும்போது திணறியிருக்கும் என்றாள் அதற்கு நடுவிலும். இருக்கலாம். எனக்கு வேகத்தைப் பற்றித் தெரியாது. துணியைத் திருப்பிக் கேட்டபோது, "இருக்கட்டும்" என்று லேப்டாப் பையில் வைத்துக்கொண்டாள். மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை.

அடுத்த மாதம் படம் போட்டுக் காட்டுகிற அன்று அரை நாள் லீவு போட்டுவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏறினேன். வழியெல்லாம் ஒரு யோசனை. யாராவது என்ன வேலை என்று கேட்டால் என்ன சொல்வது? பிள்ளை ஏற்கெனவே வீட்டில் இருக்கிறேன் என்று சொல்லி வைத்திருந்தால், நான் வேறு மாதிரி சொல்லி அவளைப் பொய்க்காரி ஆக்கக் கூடாது. வீட்லதான் இருக்கேன் என்றே சொல்லிவிடலாம் என்று முடிவு செய்துகொண்டேன். நாலு பிள்ளைகள் முன்னால் அவள் தலை குனியாமல் இருந்தால் எனக்குப் போதும். இறங்குகிற வரைக்கும் மனதுக்குள் இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

கொக்குகள் பெரிய திரையில் வெள்ளை வெளேரென்று நடந்தன. யாரும் சிரிக்கவில்லை. ஒரு கொக்கு யோசித்துக் காலை வைத்தபோது பக்கத்தில் யாரோ ஒரு அம்மா "அடடா" என்றார். எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது.

முடிந்ததும் ஆசிரியர் எங்களிடம் வந்தார். நிறம் அழகாக வந்திருக்கிறது என்று அவளைப் பாராட்டிவிட்டு என் பக்கம் திரும்பினார். "நீங்க என்ன பண்றீங்கம்மா?"

"நான் வீட்ல..." என்று ஆரம்பித்தேன்.

"எங்கம்மா வெள்ளை பாக்குறாங்க சார்" என்றாள் மகள். தோழிகள் எல்லாரும் கேட்கிற மாதிரி சத்தமாகத்தான் சொன்னாள்.

அவருக்குப் புரியவில்லை. அவள் லேப்டாப் பையிலிருந்து துணியை எடுத்து, ஆஸ்பத்திரிக் கட்டுத்துணி, சலவை, நீலம், கடையில் நான் பண்ணிய கூத்து என்று ஒன்றுவிடாமல் சொல்ல ஆரம்பித்தாள். சொட்டு நீலத்துக்கு எல்லாரும் சிரித்தார்கள், அவளும்தான். எனக்குக் கண் கலங்கிவிட்டதால் நான் கொஞ்சம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆசிரியர் துணியை வாங்கி டியூப்லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். அது தப்பு. நான் எழுந்து சன்னல் பக்கம் போய், அவரை அங்கே வந்து பார்க்கச் சொன்னேன்.