ஊசியில் முளைத்த தாடி

அன்றைக்குப் பேரருவியில் நாங்கள் ஐந்து பேர். குருசாமி, அதாவது பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் நான் வேலை பார்க்கிற கமிஷன் கடையின் முதலாளி. எங்களைச் சபரிமலைக்குக் கூட்டிப் போய்வந்த வேன் டிரைவர். கடையில் மூட்டை இறக்குகிற லோடுமேன்கள் இரண்டு பேர், அண்ணன் தம்பி. ஐந்தாவது நான். வேறு யாரும் இல்லை. இதைச் சொல்லக் காரணம், பின்னால் மார்க்கெட்டில் பத்து இருபது பேர் "நானும் அங்கனதான் நின்னேன், என் கண்ணால பாத்தேன்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்கள்.

மலையிலிருந்து திரும்பும் வழியில் குற்றாலத்தில் குளித்துவிட்டு வீட்டுக்குப் போய் மாலையைக் கழற்றுவது எங்கள் வழக்கம். தை மாதத் தண்ணீர் மெலிந்து ஒரு ஓரமாக விழுந்துகொண்டிருந்தது. நான் குளித்துவிட்டு வந்து தலை துவட்டும்போது குருசாமி என் முகவாயைப் பிடித்து வெயில் பக்கம் திருப்பினார்.

"இங்கன பாருங்க சாமி. வருஷா வருஷம் மாலை போட்டும் மொழுமொழுன்னு மலை ஏறின மொகம். இந்த வருஷம் எப்படி கருகருன்னு வந்திருக்கு பாருங்க. ஐயன் குடுத்திருக்கான்!"

டிரைவர் சரணம் சொல்லிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். லோடுமேன் தம்பி தன் வழுக்கையைத் தடவினான். "எனக்கும் கேட்டுப் பாத்தேன் சாமி. ஐயன் அட்ரஸ் மாத்திக் குடுத்துட்டான்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மூன்று வாரத்துக்கு ஒரு தடவை தென்காசியில் ஒரு நர்சம்மா என் இடுப்பில் குத்துகிற ஊசியால் வந்த தாடி அது. அந்த ஐந்து பேரில் அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. ஈரத் துண்டைப் பிழிந்துகொண்டே குருசாமி சொன்னார்: "அச்சன்புதூர்ல எங்க வீட்டுக்காரிக்குச் சொந்தத்துல ஒரு பொண்ணு இருக்கு. செவ்வாய் தோஷம், முப்பத்திரண்டு ஆயிட்டு. சாமிக்குப் பேசி முடிச்சிருவோம். அதுவரைக்கும் தாடிய எடுக்காதீங்க."

எனக்கு அருவிக்குள் நின்றபோது வராத நடுக்கம் அப்போது வந்தது.

முதலில் இருந்து சொன்னால்தான் விளங்கும். பதின்மூன்று வயதில் எனக்குப் பொன்னுக்கு வீங்கி வந்தது. அம்மா தன் கழுத்துச் செயினைக் கழற்றி எனக்குப் போட்டுவிட்டாள். தங்கம் பட்டால் வீக்கம் வடியும் என்று எங்கள் பக்கத்தில் எல்லோரும் செய்வதுதான். கழுத்து வடிந்தது. நாலைந்து நாளில் கீழே, சொல்லக் கூச்சமான இடத்தில் வீங்கியது. உயிர் போகிற வலி. அப்பா இல்லை. அம்மாவிடம் காட்ட வெட்கம். வயிற்றுவலி என்று சொல்லிக் குப்புறப் படுத்துக்கொண்டேன். அதுவும் தானாக வடிந்துவிட்டது. செயினைத் திருப்பிக் கொடுத்தேன். எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் இரண்டு பேரும் நினைத்தோம்.

கூடப் படித்தவர்களுக்குக் குரல் உடைந்தது. எனக்கு உடையவில்லை. ஒன்பதாம் வகுப்பில் ஆண்டுவிழா நாடகத்துக்கு வாத்தியார் என்னைப் பார்த்து, "தாவணி இவனுக்கு அளவெடுத்தது மாதிரி இருக்கும்லே" என்றார். அந்தச் சிரிப்பைத் தாங்க முடியாமல் பள்ளிக்கூடத்தை விட்டேன். மார்க்கெட்டுக்கு வந்தேன். இங்கே ஒருவனை ஒருவன் ஏலே என்று கூப்பிடுவார்கள். என்னை மட்டும் பொம்பளைப் பிள்ளையைக் கூப்பிடுகிற மாதிரி ஏட்டி என்பார்கள். "ஏட்டி, எடையச் சொல்லு." "ஏட்டி, டீ குடிக்க வாறியா?" அதில் பெரிய வன்மம் கிடையாது. பழகிப்போன கூப்பாடு. ஆனாலும் முதல் தடவை கூப்பிட்டால் காதில் விழாத மாதிரி இருந்துகொள்வேன்.

நான் வருஷம் தவறாமல் மாலை போட்டதற்குப் பக்தி மட்டும் காரணம் இல்லை. மாலை போட்டவனைச் சாமி என்றுதான் கூப்பிட வேண்டும். அந்த ஒரு மண்டலம் ஏட்டி கிடையாது. மற்ற சாமிகளுக்குத் தாடி வளரும், நான் மொழுமொழுவென்று நிற்பேன். அது மட்டும்தான் இடிக்கும்.

போன வருஷம் தக்காளி நிரப்பிய பிளாஸ்டிக் கிரேடு ஒன்றைத் தூக்கும்போது மணிக்கட்டு முறிந்தது. கனமான கிரேடு கூட இல்லை. தென்காசி டாக்டரம்மா படத்தைப் பார்த்துவிட்டு, முப்பத்து நாலு வயசுக்கு எலும்பு இப்படி இருக்கக் கூடாதே என்றார். தாடி இல்லாததைப் பார்த்தார், குரலைக் கேட்டார், ரத்தம் எடுக்கச் சொன்னார். முடிவு வந்ததும் கதவைச் சாத்தச் சொல்லிவிட்டுப் பேசினார். டெஸ்டோஸ்டிரோன் என்று ஒரு ஹார்மோன், ஆண் உடம்பில் விதைப்பையில் சுரக்க வேண்டியது, எனக்கு ஏறக்குறைய சுரக்கவே இல்லை. அந்தப் பழைய வீக்கம் செய்த வேலை. ஊசி போட்டால் எலும்பு கெட்டிப்படும், குரல் இறங்கும், முடி வளரும். "குழந்தை மட்டும் அதுல வராது. அதை இப்பமே தெரிஞ்சுக்கோங்க" என்றார்.

ஊசி போட ஆரம்பித்ததும் எனக்கு ஒரே பயம். ரத்தம் கெட்டியாகுமோ, மூளைக்கு ஏறுமோ என்று செல்போனில் பார்த்துப் பார்த்துத் தூக்கம் போனது. கார்த்திகையில் மாலை போட்டதும் புதுப் பயம். மருந்தில் மாமிசம் ஏதும் கலந்திருந்தால் விரதம் என்ன ஆவது? நர்சம்மாவிடம் கேட்டேன்.

"கடலெண்ணெயில கரைச்ச மருந்துங்க."

"சுத்தமான கடலெண்ணெயா?"

"ஏன், தாளிக்கப் போறீங்களா? திரும்பிப் படுங்க சாமி."

அம்மா போன பிறகு நான் தென்காசியில் ஒற்றை அறையில் இருக்கிறேன். அந்த அறைக்குள் முப்பத்து நாலு வயதில் எனக்கு விடலைப் பருவம் வந்தது. முதுகெல்லாம் பரு. வேர்வை வாடை மாறியது. சட்டையைக் கழற்றினால் வேறு யாரோ அறைக்குள் நிற்கிற மாதிரி இருக்கும். காலையில் எனக்கு முன்னால் உடம்பு விழித்துக்கொள்ளும். பஸ்ஸில் முன் சீட்டுப் பெண் கூந்தலை ஒதுக்கினால் இறங்குகிற ஸ்டாப்பை மறந்துவிடுவேன். சின்ன விஷயத்துக்குக் கோபம் வந்து மேஜையைத் தட்டினேன் ஒரு நாள். லாரிக்காரன் பயந்துபோய்ப் பின்னால் நகர்ந்தான். என்னைப் பார்த்து ஒருத்தன் பயந்தது அதுதான் முதல் தடவை. சாயங்காலம் அவனுக்கு டீ வாங்கிக் கொடுத்தேன். இதெல்லாம் எல்லோருக்கும் பதினைந்து வயதில் கூட்டமாக வரும், குசுகுசுவென்று பேசிச் சிரித்துக்கொள்வார்கள். எனக்குத் தனியாக வந்தது. யாரிடம் கேட்பது?

குரல் இறங்கியதில் ஒரு நஷ்டமும் உண்டு. புனலூர் வியாபாரி ஒருவர் தினமும் விலை கேட்டு போன் போடுவார். என் பழைய குரலைக் கேட்டுப் பெண் என்று நினைத்துச் சேச்சி, அதாவது அக்கா, என்றே கூப்பிடுவார். நான் திருத்தியதில்லை. "சேச்சி, இன்னு தக்காளிக்கு எந்தா வெல?" என்று தொடங்கி, மகளுக்குக் காய்ச்சல், வீட்டில் சண்டை என்று எல்லாம் சொல்லுவார். நானும் கஷாயம் வைத்துக் கொடுக்கச் சொல்லுவேன். தொண்டை கரகரத்து ஒரு நிலைக்கு வந்தபின் ஒரு நாள் அவர், "சேச்சி எவிடே?" என்றார்.

"வேலைய விட்டுட்டாங்க."

"கல்யாணம் கழிஞ்ஞோ?"

"ஆமா, ஆயிட்டு."

"நல்லது. ஒரு வாக்கு பறஞ்ஞில்லல்லோ" என்றார், தன்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று. குரலில் நிஜமான வருத்தம். அன்றிலிருந்து என்னிடம் விலை மட்டும்தான் கேட்கிறார். அவர் மகளுக்கு இப்போது எப்படி இருக்கிறது என்று எனக்குத் தெரியாது.

இந்த நிலைமையில்தான் சம்பந்தம் வந்தது. உண்மையைச் சொன்னால் கல்யாணம் நடக்காது. சொல்லாவிட்டால் நடக்கும்; ஆனால் வருகிறவள் வருஷக்கணக்காகக் கோயில் கோயிலாக ஏறி இறங்குவாள், குறை தனக்குத்தான் என்று நினைத்துக்கொண்டு. முதலாளியிடம் சொல்லலாமென்று இரண்டு தடவை வாய்வரை வந்தது. ஐயன் கொடுத்த தாடி என்று மார்க்கெட் முழுக்கச் சொல்லியிருக்கிற மனுஷனிடம் கடலெண்ணெய்க் கதையை எப்படிச் சொல்ல? இதற்குள் என்னை ஏட்டி என்பதும் நின்றிருந்தது. லோடுமேன் அண்ணன் மட்டும் பழக்கதோஷத்தில் "ஏட்..." என்று ஆரம்பித்து, "...லே" என்று முடிப்பான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முதலாளி, அவர் மனைவி, நான் மூன்று பேரும் அச்சன்புதூர் போனோம். முந்தின நாள்தான் ஊசி போட்டிருந்தேன். பெண்ணின் அப்பா போலீஸில் இருந்து ரிட்டயர் ஆனவர். என்னை ஏற இறங்கப் பார்த்து, "ஆளு ஆம்பளையா லெச்சணமா இருக்காரு" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக நான் இருபது வருஷம் ஏங்கியிருக்கிறேன். காதில் விழுந்தபோது எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது.

பஜ்ஜி, காப்பி எல்லாம் ஆனபின் இரண்டு பேரும் தனியாகப் பேசட்டும் என்று பின்பக்கம் அனுப்பினார்கள். தென்னைக்கு அடியில் துவைக்கிற கல். அவள் அதன் ஓரத்தில் சாய்ந்துகொண்டாள். தென்காசியில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிறாளாம்.

"ஏன் இப்படி வேர்க்குது ஒங்களுக்கு?"

"ஒண்ணு சொல்லணும்."

"குடிப்பீங்களா?"

"இல்ல."

"வேற யாரும் இருக்காங்களா?"

"எனக்கா?" என்று கேட்டுவிட்டேன். அவள் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது. அதனால் இன்னும் கஷ்டமாகிவிட்டது. கல்லைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன், பொன்னுக்கு வீங்கியில் இருந்து டாக்டரம்மா கதவைச் சாத்தச் சொன்னது வரைக்கும்.

அவள் கல்லில் காய்ந்து ஒட்டியிருந்த சோப்பை நகத்தால் சுரண்டினாள்.

"கோயில்ல வந்த தாடின்னு அத்த சொன்னாங்களே."

"அவங்களா நெனச்சுக்கிட்டாங்க. இல்லன்னு சொல்ல எனக்கு வாய் வரல."

"ஊசி வலிக்குமா?"

அதுவரை யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. யாருக்கும் தெரியாதே, எப்படிக் கேட்பார்கள்? "எண்ணெய் மருந்து, மெதுவாத்தான் ஏத்துவாங்க. ரெண்டு நாளைக்கு ஒரு பக்கமா சாஞ்சுதான் உக்காரணும்" என்றேன்.

"அதுக்குத்தான் அப்படி உக்காந்திருந்தீங்களா? மாப்ள என்ன கெத்தா சாஞ்சு உக்காருதாருன்னு அப்பா பெருமையா சொல்லிக்கிட்டிருக்காங்க!" வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. பிறகு இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் நின்றுவிட்டது.

"எனக்குப் பிள்ள வேணும்" என்றாள். "தப்பா நெனைக்காதீங்க."

"இதுல என்ன தப்பு."

"ஒங்களப் பத்தி ஒரு வார்த்த சொல்ல மாட்டேன். தாடி பிடிக்கலன்னு சொல்லிருதேன். என்னத்தான் திட்டுவாங்க. அது எனக்குப் பழக்கம்தான்."

சொன்னபடியே சொன்னாள். திரும்பி வரும்போது முதலாளி காருக்குள் கொதித்தார். "ஐயன் குடுத்தது அவளுக்குப் பிடிக்கலயாம்லா! திமிரு! ஒனக்கு வேற பொண்ணு பாக்குதேன்லே." அவர் மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வேறு பொண்ணு வேண்டாம், எனக்கு இப்படியே இருக்கட்டும் என்று மறுநாள்தான் சொல்ல முடிந்தது. அவர் நம்பவில்லை, ஏமாற்றத்தில் பேசுகிறேன் என்று நினைத்துக்கொண்டார்.

அவளை நான் பிறகு பார்க்கவில்லை. அந்த ஜவுளிக்கடை இருக்கிற தெருவைத் தவிர்த்து ஒரு தெரு சுற்றித்தான் அறைக்குப் போகிறேன். என்னைப் பற்றி முழுதும் தெரிந்த ஒரே ஆள், டாக்டரையும் நர்சையும் விட்டால், அவள்தான். அதுவே ஒரு துணை மாதிரியும் இருக்கிறது, துணையே இல்லை என்பதையும் காட்டுகிறது.

அடுத்த ஊசிக்கு நாள் வந்தபோது போகாமல் படுத்துக்கிடந்தேன். யாருக்காகப் போட வேண்டும்? நிறுத்திவிட்டால் கொஞ்ச நாளில் இந்த ஆசையெல்லாம் அடங்கிவிடும். பழைய மாதிரி எதுவும் தோன்றாது, யாரையும் தேடாது. அது நிம்மதிதான். ஆனால் அந்தக் கல் பக்கத்தில் அவள் சிரித்தபோது எனக்குள்ளே என்னவோ எழுந்து நின்றதே, அதையும் சேர்த்துத்தானே அடக்க வேண்டும்? வலித்தாலும் அது என்னுடையது என்று தோன்றியது. இரண்டு நாள் தள்ளி, சாயங்காலம் எழுந்து மருந்துக்கடைக்குப் போனேன். அச்சன்புதூர் போக எடுத்த வேட்டி சட்டையிலும் பழத்தட்டிலும் அந்த மாதக் கூலி கரைந்திருந்தது. பையில் இருந்ததை எல்லாம் எடுத்து வைத்தேன், போதவில்லை. கடைக்காரர் ஊசி மருந்தைப் பொட்டலம் கட்டி என் பக்கம் தள்ளினார். "மீதிய பெறகு தாங்க அண்ணாச்சி."

இன்னும் நூற்றுநாற்பது ரூபாய் பாக்கி.