ஐந்தருவியில் உதறிய கை

நான் ஒரு பயந்தாங்கொள்ளி. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பல்லிக்குப் பயம், பஸ் பாலத்தில் ஏறினால் பயம், மகளுக்கு மூக்கு ஒழுகினால் பயம். பார்க்கும் வேலை மட்டும் ஊசி குத்துவது. தென்காசியில் ஒரு பரிசோதனை நிலையத்தில் ரத்தம் எடுத்து, குழாயில் பெயர் எழுதி ஒட்டுகிறேன். அடுத்தவர் கைதானே, அதில் பயம் இருந்ததில்லை.

ஆய்க்குடியிலிருந்து வேலைக்குப் போகும் பஸ்ஸில், போனில் ஒரு ஆன்மிகப் பேச்சாளரின் பேச்சைக் கேட்க ஆரம்பித்தேன். "நான், நான் என்கிறீர்களே, அது உங்களுக்குள் எங்கே இருக்கிறது? தேடிப் பாருங்கள், கிடைக்காது. கிடைக்காத ஒன்றுக்காக ஏன் பயப்படுகிறீர்கள்?" என்பார். பயத்துக்கு மருந்து கிடைத்துவிட்டதென்று பிடித்துக்கொண்டேன்.

முதலில் மருந்தே பயமுறுத்தியது. ஒருநாள் மதியம் வேலையிடத்தில் கை கழுவிக்கொண்டிருந்தேன். தண்ணீருக்கடியில் இரண்டு கைகள் ஒன்றையொன்று தேய்த்துக்கொண்டிருந்தன. இதைப் பார்ப்பது யார் என்று தேடினேன். யாருமில்லை. என் பெயரை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். குழாயில் ஒட்டுகிற பெயர்களில் ஒன்றைப் போல இருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு, அடுத்த ஆள் வந்து கூப்பிடும்வரை அப்படியே நின்றேன்.

பிறகு பழகிவிட்டது. பழகியதும் கொஞ்சம் திமிரும் வந்தது. மாமியார் குழம்பைக் குறை சொன்னால், குறை இருக்கிறது, கேட்க ஆள் இல்லை என்று சிரித்துக்கொள்வேன்.

"நான்னு ஒண்ணு கிடையாதுன்னா, நேத்து உப்பு போட மறந்தது யாருட்டி?" என்று என் வீட்டுக்காரர் கேட்பார். அதற்கும் சிரிப்பேன்.

சாரல் தொடங்கிய பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மூன்று பேரும் ஐந்தருவிக்குப் போனோம். அவர் ஆண்கள் பக்கம் போய்விட்டார். நான் ஆறு வயது மகளைக் கூட்டிக்கொண்டு பெண்கள் பக்கம் நுழைந்தேன். நல்ல கூட்டம். அருவிக்குள் தலையைக் கொடுத்துவிட்டால் கண்ணைத் திறக்க முடியாது, காதும் கேட்காது. மகளின் கையைப் பிடித்திருந்தேன். தண்ணீர் அடித்த அடியில் நினைப்பெல்லாம் நின்றுபோயிற்று. சத்தம் மட்டும் இருந்தது, கேட்கிறவள் இல்லை. துளிப் பயம் இல்லை. என் ஆயுசில் அப்படி ஒரு நிம்மதியை அறிந்ததில்லை. நடுவில் யாரோ இடித்ததில் பிள்ளையின் கை நழுவியது. துழாவினேன். ஒரு சின்னக் கை அகப்பட்டது, பிடித்துக்கொண்டேன். மறுபடியும் நிம்மதி.

பெண் போலீஸ் விசில் ஊதி எங்களை வெளியேற்றினார். முகத்து நீரை வழித்துவிட்டுக் குனிந்து பார்த்தேன்.

என் மகள் இல்லை. அதே உயரத்தில், முன்பல் விழுந்த வேறொரு சிறுமி. அழாமல் என்னை அண்ணாந்து பார்த்தாள்.

கையை உதறினேன். விட்டேன் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் உதறினேன்.

"பாப்பா! பாப்பா!" என்று கத்திக்கொண்டு ஓடினேன். ஏழெட்டுப் பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். அவர்களில் என் பிள்ளை இல்லை. தண்ணீர் பாறையில் விழுந்து ஓடும் பக்கத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது. பார்த்தேன். சிவப்பாக ஏதோ மிதந்தது. கிட்டே போனேன். யாருடையதோ துண்டு. திரும்பிப் பெண் போலீஸிடம் ஓடினேன்.

"என்ன கலர் டிரெஸ் போட்டிருந்தாக்கா? மைக்ல சொல்லணும்," என்றார் பெண் போலீஸ்.

தெரியவில்லை. காலையில் நான்தான் போட்டுவிட்டேன். அத்தனை குழாய்களில் பெயர் மாறாமல் ஒட்டுகிறவளுக்கு, பெற்ற பிள்ளையின் சட்டை நிறம் ஞாபகம் வரவில்லை. "எம் பிள்ள, எம் பிள்ள" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். இத்தனை நாள் தேடியும் கிடைக்காத 'நான்', அங்கே தொண்டை கிழியக் கத்திக்கொண்டு நின்றது.

உடை மாற்றும் அறைச் சுவரோரம் மகள் நின்றிருந்தாள். அவளைக் காதுவரை ஒரு கறுப்புப் பர்தாவால் சுற்றி, ஒரு பெண் தலையைத் துவட்டிவிட்டுக்கொண்டிருந்தார். குளித்தபின் உடுத்துவதற்கு வைத்திருந்த அவருடைய பர்தா. அவர் ஈரச் சுடிதாரோடு பல் தந்தியடிக்க நின்றார்.

மகளைத் தூக்கி இறுக்கிக்கொண்டேன்.

"ஒதடெல்லாம் நீலமாயிட்டுக்கா, அதான் சுத்திவிட்டேன்," என்றவர், எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். "எம் பிள்ள எங்கக்கா?"

நானும் பின்னால் திரும்பிப் பார்த்தேன்.

"ஒங்க கையப் பிடிச்சுட்டு வந்தால்லா? பாத்தேன். கூப்பிட்டேன், தண்ணிச் சத்தத்துல ஒங்களுக்குக் கேக்கல. நடுவுல கூட்டம். சரி, ஒரு தாய் கையிலதான இருக்கா, கூட்டிட்டு வருவீயன்னுதான் நிக்கேன்."

"அவள... அங்கனயே விட்டுட்டேன்," என்றேன்.

அந்த முகம் அப்போது போன போக்கை என்னால் எழுத முடியாது. இருவரும் ஓடினோம். என் பிள்ளை என் இடுப்பில் பத்திரமாக இருந்தாள். ஆனாலும் முதலில் ஓடியதைவிட இப்போது அதிகமாகப் பயந்தேன். முதலில் என் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம். இது நான் செய்ததைப் பற்றிய பயம். தெரிந்த சாமிகளையெல்லாம் கூப்பிட்டேன்.

அந்தச் சிறுமி நான் உதறிய இடத்திலேயே, இரும்புக் கம்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாரும் அவளை இடித்துக்கொண்டிருந்தார்கள். முன்னால் ஓடிய என்னைத்தான் முதலில் பார்த்தாள். இன்னொரு கையை என்னிடம் நீட்டினாள்.

நான் அதைத் தொடுவதற்குள் அவள் அம்மா வந்து வாரி எடுத்துக்கொண்டார். "மன்னிச்சிருங்க," என்றேன். என் மகள்மேல் இருந்த பர்தாவை அவிழ்த்துக் கொடுத்தேன். அதில் தன் பிள்ளையைச் சுற்றிக்கொண்டு, என்னைத் திரும்பிப் பார்க்காமல் போனார்.

"என்னட்டி இப்படி நடுங்குத?" என்று வீட்டுக்காரர் ஆட்டோவில் கேட்டார்.

"குளிருது," என்றேன். மகள் காணாமல் போய்க் கிடைத்ததை மட்டும் பிறகு சொன்னேன். மற்றதை இன்றுவரை சொல்லவில்லை.

அந்தப் பேச்சை இப்போதும் கேட்கிறேன். அவர் சொல்வது பொய் என்று சொல்லமாட்டேன். அருவிக்குள் நான் இல்லாமல் இருந்தது நிஜம். ஆனால் வெளியே வந்ததும் யாராக இருந்தேன் என்பதையும் பார்த்துவிட்டேன். என் பிள்ளைக்குப் பர்தா சுற்றிவிட்ட அந்தப் பெண் போனில் எதைக் கேட்பாரோ தெரியாது.

பிள்ளைகளுக்கு ரத்தம் எடுக்கும்போது இப்போது பயமாக இருக்கிறது. அடுத்தவர் கைதானே என்று இருக்க முடியவில்லை. பஞ்சு வைத்து அழுத்தி, குழாயில் பெயர் ஒட்டிய பிறகும் அந்தச் சின்னக் கையைப் பிடித்தபடியே இருக்கிறேன்.

"முடிஞ்சிட்டுல்லா சிஸ்டர், விடுங்க," என்பார்கள் தாய்மார்கள்.

அவர்கள் கை வந்து வாங்கிக்கொள்ளும்வரை நான் விடுவதில்லை.