மாட்டு டாக்டரின் வண்டி

மனநல அவசர உதவிக்கென்று அமெரிக்காவின் வடக்கு டகோட்டா மாநிலத்தில் ஒரு கிராமப்புற வட்டாரத்துக்கு ஒரு வேன் வந்தது. அதன் இரு பக்கமும் 'மனநல அவசர உதவி' என்று பெரிதாக எழுதியும் வைத்தார்கள். அதன் பிறகு அழைப்புகள் குறைந்தன. வேனை ஓட்டும் நர்ஸ் மார்லிஸுக்கு இதில் வியப்பில்லை. யார் வாசலில் யார் வண்டி நிற்கிறது என்பதுதான் அங்கே அன்றாடச் செய்தி.

ஒரு காலையில் தனியாக வாழும் விவசாயி வெர்லின் கூப்பிட்டார்.

"என்னையே நான் ஏதாவது செஞ்சுக்குவேனோன்னு பயமா இருக்கு, மார்லிஸ். சீக்கிரம் வா. ஆனா அந்த வேன்ல வந்தா கதவைத் தெறக்க மாட்டேன்."

அவள் மாட்டு டாக்டரின் வண்டியை இரவல் வாங்கிக்கொண்டு போனாள். அது எங்கே நின்றாலும் யாரும் ஏன் என்று கேட்பதில்லை.

கதவு திறந்தது. வெர்லின் ஊற்றிய காப்பி ஆறுவதற்குள் பக்கத்துப் பண்ணைக்காரர் டுவேன் வந்து நின்றார்.

"யோவ், மாட்டையெல்லாம் போன வருஷமே வித்துத் தொலைச்சியே! மாட்டு டாக்டருக்கு இங்க என்ன வேலை?"

வெர்லினிடம் மாடே இல்லை என்பதை அவசரத்தில் மார்லிஸ் மறந்திருந்தாள்.

வெர்லின் தரையைப் பார்த்தார். "வைத்தியம் எனக்குத்தான்யா. மனசு சரியில்ல."

டுவேன் தொப்பியைக் கழற்றினார்.

"துப்பாக்கி அலமாரி சாவியைக் குடு. துப்பாக்கியெல்லாம் என் வீட்ல இருக்கட்டும். மான் வேட்டை சீசன் தொடங்கறப்ப வந்து வாங்கிக்கோ. எப்படியும் உனக்குக் குறி தப்பத்தான் போகுது."

"உன்னைவிட நல்லாவே சுடுவேன்," என்றார் வெர்லின்.

வந்ததிலிருந்து அந்தச் சாவியை எப்படிக் கேட்பது என்றுதான் மார்லிஸ் யோசித்துக்கொண்டிருந்தாள். வெர்லின் அதைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து டுவேனிடம் கொடுத்தார்.