சுவரில் ஒட்டிய கண்ணாடி

இலங்கை மலைநாட்டில் எல்ல ஊரிலிருந்து பதுளைக்கு ரயில் பாதை போட்ட காலத்தில் எங்கள் தேயிலைத் தோட்டத்து மலையைக் குடைந்து சுரங்கம் வெட்டினார்கள். அதற்கு நேர் மேலே, ஒற்றை அறை வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்கும் எங்கள் லயம். கீழே வெடி வைக்கும்போதெல்லாம் அடுப்பில் இருக்கும் சட்டி ஆடும். கொஞ்ச நாளில் தரை தாழ்ந்து, சுவர்களில் விரிசல் விட்டது. கடைசிக் காம்பிராவில் என் தங்கை குடியிருந்தாள். அவளுக்கு நிறைமாதம். அவள் தலைமாட்டுச் சுவரில்தான் விரிசல் பெரிது.

பாதை வேலைத் துரை, மண் தாழ்வதைக் கவனிக்க என்னை வேலைக்கு வைத்தார். பெரிய வித்தை ஒன்றுமில்லை. விரிசலுக்குக் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டைச் சாந்து வைத்து ஒட்ட வேண்டும். சுவர் அசைந்தால் கண்ணாடி உடையும். உடைந்ததைத் துரை தன் கண்ணால் பார்த்தால் அந்த வீட்டுக்காரர்களுக்கு மேட்டு லயத்தில் இடம் கிடைக்கும். பார்க்காவிட்டால் கிடைக்காது. என் தங்கையை அந்தச் சுவருக்கடியிலிருந்து கிளப்ப எனக்கு வேறு வழியே இல்லை.

கண்ணாடி உடையத்தான் செய்தது. ஆனால் துரை வரும்போது சுவரில் கண்ணாடியே இருக்காது! உடைந்த கண்ணாடி வீட்டில் இருந்தால் தரித்திரம் என்று லயத்துப் பெண்கள் அதைப் பெயர்த்துத் தண்ணீர் ஓடும் கானில் வீசிவிடுவார்கள். வீசியதோடு விட்டால்கூடப் பரவாயில்லை. மண்ணும் சாணியும் குழைத்துப் பூசி, விரிசல் இருந்த இடமே தெரியாமல் பளிச்சென்று வைத்திருப்பார்கள். துரை என்னைப் பார்த்து, கண்ணாடியை ஒட்டினாயா, குடித்துவிட்டுத் தூங்கினாயா என்று கேட்பார். ஒருமுறை கானில் இறங்கித் துண்டுகளைப் பொறுக்கிக் கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடியை யார் வேண்டுமானாலும் உடைக்கலாம் என்று சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். எல்லாரும் நன்றாகத் தலையாட்டினார்கள். அடுத்த தடவையும் அதே கதைதான். ஊரை விடுங்கள், கூடப் பிறந்தவளாவது கேட்க வேண்டாமா? அவள்தான் எல்லாருக்கும் முந்திப் பெயர்த்திருந்தாள். நாலு வார்த்தை காரமாகவே கேட்டேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"புள்ள பொறக்கப் போற வீட்ல ஒடஞ்ச கண்ணாடிய வச்சிருக்கச் சொல்றீங்களாண்ணே? ஒங்களுக்கே நல்லா இருக்கா?"

இவளிடம் என்னத்தைப் பேச? புதுத் துண்டு ஒன்றை ஒட்டினேன். இருந்த ஆத்திரத்தில் சாந்தில் பாதி என் வேட்டியில்தான் விழுந்தது.

அந்த வாரமே அவளுக்கு ஆண் பிள்ளை பிறந்தது. மருத்துவச்சி பிள்ளையைக் குளிப்பாட்டிவிட்டுப் போன சற்று நேரத்தில் ஒரு வெடி, கண்ணாடி உடைந்தது. தங்கையால் எழுந்திருக்க முடியவில்லை. அதை எடுத்துப் போடச் சொல்லி வாசலைப் பார்த்துக் கத்தியிருக்கிறாள். தீட்டு வீடு என்று அவள் புருஷன் உட்பட ஒருவரும் உள்ளே போகவில்லை. துரைக்குத் தீட்டாவது ஒன்றாவது! அன்றைக்கு வந்தவர் சப்பாத்துக் காலோடு நேரே உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். பொழுது சாய்வதற்குள் மேட்டு லயத்தில் இடம் கிடைத்துவிட்டது. தாயையும் பிள்ளையையும் பாயோடு தூக்கிக்கொண்டு போனோம். வழிநெடுக அழுதாள்.

அடுத்த அடைமழையில் அந்தச் சுவர் உள்பக்கமாக, அவள் படுத்திருந்த இடத்திலேயே விழுந்தது. சாமிக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு மேட்டு லயத்துக்கு ஓடினேன். நான் பட்ட பாடு இப்போதாவது இவளுக்குப் புரியும் என்று ஒரு நினைப்பு. பிள்ளையைத் தொட்டிலில் போட்டு ஆட்டிக்கொண்டிருந்தாள். சுவர் விழுந்ததைச் சொன்னேன். ஆட்டுவதை நிறுத்தவில்லை, என்னை நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

"விழாம என்னண்ணே செய்யும்? ஒடஞ்ச கண்ணாடிய எடுக்காம அப்படியே விட்டீங்கள்ல."