கழுவிய தகடுகள்

வெயிலில் தண்ணீர் சுடவைக்கும் செப்புத் தகடுகளுக்குக் கறுப்புப் பூச்சு ஒன்று செய்வதுதான் அந்த நாட்களில் என் ஆராய்ச்சி. கம்பஸில் மாணவர்களுக்குப் படிப்பித்துக்கொண்டே செய்தேன். உப்புக்காற்றில் ஒரு வருடம் நின்றுபிடித்தால் பூச்சு பிழைக்கும். உரிந்தால் ஆறு வருட உழைப்பு கடலோடு போச்சு.

எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு அண்ணன்மார் எல்லாரும் வெளிநாடு போய்விட்டார்கள். எங்கள் தீவில், கரம்பொன் வீட்டில் நான் ஒருவன். பாணும் சம்பலும் தின்றுகொண்டு பூச்சோடு பேசிக்கொண்டிருந்தேன் என்றால் சிரிப்பீர்கள். உண்மை அதுதான்.

எழுவைதீவுக் கரையில் சட்டமடித்துப் பன்னிரண்டு தகடுகளை வைத்தேன். அதற்குப் பக்கத்து வீட்டில், கடலுக்குப் போன கணவனை இழந்த ஒரு அக்கா இருந்தார். ஆடு மாடு தட்டாமல் பார்க்கச் சொல்லிவிட்டு வந்தேன்.

வருடம் முடிந்து போனால், தகடுகள் வைத்த அன்று போலவே கறுகறுவென்று இருந்தன. ஒரு பொட்டு உரியவில்லை. தனியே நின்று சிரித்தேன். அக்காவும் வந்து சிரித்தார்.

“ஞாயிறு பூசை முடிய நல்ல தண்ணியிலை கழுவித் துடைக்கிறனான், தம்பி.”

“ஆர் அக்கா உங்களைக் கழுவச் சொன்னது? உப்புப் படவேணும் எண்டுதானே இங்கை வைச்சனான்.”

“ஒருத்தரும் சொல்லேல்லை. கடலாலை வந்த வள்ளத்து எஞ்சினைக் கழுவாமல் விடுவமே? உப்போடை விட்டால் பாவமெல்லே.”

நானும் தீவில் பிறந்தவன். அந்தப் பழக்கம் தெரிந்தும் சொல்லாமல் விட்டது என் பிழை. ஆனாலும் கத்திவிட்டேன், எனக்குக் கோபம் மூக்கு நுனியில். நல்ல தண்ணீருக்கு அவர் அரை மைல் நடக்கிறவர் என்பது வள்ளத்தில் ஏறிய பிறகுதான் உறைத்தது.

அடுத்த மாதம் புதுத் தகடுகள் வைத்தேன். தொடவேண்டாம் என்றேன். இன்னொரு வருடம் போனது. இந்த முறை பூச்சுப் பொருக்குப் பொருக்காக உரிந்து, கீழே செம்பில் பச்சை பூத்திருந்தது.

“நீங்கள் சொன்னபடி கை வைக்கேல்லை, தம்பி” என்றார், பயந்த குரலில்.

“ஓம் அக்கா. பிழை பூச்சிலைதான்.”

மணலில் குந்திவிட்டேன். வீட்டுக்குப் போய் இதை யாரிடம் சொல்வது என்றுதான் முதலில் நினைத்தேன். சொல்ல ஒருவரும் இல்லை. வெட்கத்தை விட்டு அழுதேன்.

அக்கா உள்ளே போய் அரை வாளித் தண்ணீரோடு வந்தார்.

“இனிக் கழுவிப் பிரயோசனமில்லை, அக்கா.”

“தகட்டுக்கில்லை. முகத்தைக் கழுவுங்கோ.”

கைகளைக் குவித்து நீட்டினேன். நல்ல தண்ணீர். முழுவதையும் ஊற்றினார்.