கரடி வேஷத்தில் இருபத்தொரு கிலோமீட்டர்

ஆண்டியப்பனுக்கு உத்தியோகம் கரடியாக நிற்பது. வெளியே சொன்னால் சிரிப்பார்கள். எட்டு வருஷத்துக்கு முன்னால் நானும் சிரித்தவன்தான். திருமயத்துக்குச் சற்று முன்னால், ஹைவேயை ஒட்டி இருக்கிறது எங்கள் தீம் பார்க். டிக்கெட் வாங்கி உள்ளே வருகிறவர்களுக்கு முதலில் கை கொடுக்கிறவன் அவன்தான். பழுப்பு மயிர்த்துணியில் தைத்த உடம்பு, அதற்குமேல் பெரிய பானை மாதிரி ஒரு ஸ்பாஞ்ச் தலை, எல்லாம் சேர்த்து எட்டு கிலோ. கரடியைக் கண்டு அலறுகிற பிள்ளைக்கு எதிரே அப்படியே தரையில் உட்கார்ந்து, தானும் கண்ணைக் கசக்கி அழுகிறமாதிரி காட்டுவான். பிள்ளை அழுகையை நிறுத்திவிட்டு அவனைச் சமாதானப்படுத்த வரும். இந்த வித்தையை அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

நான் அதே பார்க்கில் ஜெயன்ட் வீல் ஓட்டுகிறவன். பெயர் அன்வர் பாட்சா, ஊர் கோட்டைப்பட்டினம். பதினொரு வருஷம் துபாயில் லிப்ட் மெக்கானிக்காக இருந்து, ஒரு முழங்காலைக் கெடுத்துக்கொண்டு திரும்பி வந்தேன். எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். பார்க்கில் என்னோடு சண்டை போடாதவன் ஆண்டியப்பன் ஒருவன்தான். அதனால் மதியச் சோறு எப்போதும் அவனோடு.

அவனைக் கரடியாக்கியது பார்க் இல்லை, அவன் ஊர். இலுப்பூருக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கிராமம். பங்குனியில் மாரியம்மன் திருவிழாவுக்கு நேர்ந்துகொண்டவர்கள் கையில் மஞ்சள் காப்புக் கட்டி, கரடி வேஷம் போட்டு, ஊர் எல்லையைச் சுற்றி ஓடிவர வேண்டும். வேஷம் கட்டியதிலிருந்து ஓட்டம் முடிகிறவரைக்கும் தலையைக் கழற்றக் கூடாது, ஒரு வார்த்தை பேசக் கூடாது. பேசினால், யாருக்காக நேர்ந்துகொண்டதோ அவர்களுக்கு ஆகாது.

இதைக் கேட்டு நான் கிண்டல் செய்திருக்கிறேன். அப்போதுதான் இரண்டு கதைகளைச் சொன்னான். கல்யாணமான புதிதில், திருவிழா நெருங்குகிற நேரத்தில், அவன் பெண்டாட்டி வீராயியை வயலில் கட்டுவிரியன் கடித்துவிட்டது. அந்த வருஷம் ஓடினான். பிழைத்துக்கொண்டாள். இன்னொரு வருஷம் அவன் அம்மாவுக்காக ஓடினான். நல்ல வெயில். பாதியில் தலையைக் கழற்றி, ‘ஒரு சோடா குடுங்கய்யா’ என்று கேட்டுக் குடித்துவிட்டான். அந்த வாரமே அம்மா போய்விட்டாள். ஆஸ்பத்திரியில் அதற்கு ஒரு காரணம் சொல்லித்தான் இருப்பார்கள். ஆண்டியப்பனுக்குக் காரணம் அந்தச் சோடா. அதன்பிறகு நான் கிண்டலை விட்டேன். எங்கள் ஊர் தர்காவுக்கு நேர்ச்சை வைத்து, அதை நிறைவேற்றாமல் என் உம்மா தூக்கம் கெட்டுக் கிடந்ததை நானும் பார்த்திருக்கிறேன்.

போன வருஷம் ஆடியில் வீராயிக்கு வயிற்றில் கட்டி என்றார்கள். தீபாவளிக்குள் அது கேன்சர் ஆகிவிட்டது. பிள்ளை குட்டி கிடையாது. அவனுக்கு அவள், அவளுக்கு அவன். திருச்சிக்கும் ஊருக்குமாக அலைந்தார்கள். மார்கழியில் டாக்டர் ஆண்டியப்பனைத் தனியாகக் கூப்பிட்டு, இனிமேல் வலி தெரியாமல் பார்த்துக்கொள்வதுதான் நம்மால் முடியும் என்று சொல்லிவிட்டார்.

அந்தச் சமயத்தில்தான் பார்க்கில் போஸ்டர் ஒட்டினார்கள். தை மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை, மாறுவேட ஹாஃப் மாரத்தான். பார்க்குக்குள்ளேயே ஆறு சுற்று, மொத்தம் இருபத்தொரு கிலோமீட்டர். யார் வேண்டுமானாலும் வேஷம் போட்டுக்கொண்டு ஓடலாம். எங்கள் மேனேஜர் குணசேகரன், பார்க்கின் கரடியும் ஓடினால் போட்டோவுக்கு நன்றாக இருக்கும், பேருக்கு ஒரு சுற்றுப் போதும் என்றார். ஆண்டியப்பன் ஆறு சுற்றும் ஓடுகிறேன் என்றான். மேனேஜருக்கு ஒரே சந்தோஷம்.

“யோவ், என்னய்யா பண்ணப் போறே?” என்று மதியம் கேட்டேன்.

“பங்குனி வரைக்கும் அவ தாங்க மாட்டா பாய். ஆத்தாளுக்கு நான் எங்க ஓடுனா என்ன? இங்கிட்டும் கரடிதானே?”

“இது விளம்பரத்துக்கு நடத்துற ஓட்டம்யா. ஐஸ்கிரீம் கம்பெனிக்காரன் பனியன் குடுக்குறான்.”

“அவன் எதுக்கு வேணா நடத்தட்டும். நான் எதுக்கு ஓடுறேன்னு ஆத்தாளுக்குத் தெரியும்.”

அதோடு பேச்சை முடித்துக்கொண்டு, டிபன் பாக்ஸைக் கழுவப் போய்விட்டான். மறுநாளிலிருந்து வழியிலேயே பஸ்ஸை விட்டு இறங்கி, மீதித் தூரத்தை ஓடியே வேலைக்கு வர ஆரம்பித்தான். நாற்பத்தொன்பது வயது. வந்து சேரும்போது முகம் வெளுத்திருக்கும். அந்த முகத்தின்மேல் கரடித் தலையை மாட்டிக்கொண்டு கேட்டுக்குப் போவான்.

ஓட்டத்துக்கு இரண்டு நாள் முன்னால், வெள்ளிக்கிழமை ஜும்மா முடித்து அவனோடு திருச்சி ஆஸ்பத்திரிக்குப் போனேன். வீராயி பாதியாகிவிட்டிருந்தாள். அவள் தங்கச்சி ஞானமணிதான் கூட இருந்து பார்த்துக்கொண்டாள். ஆண்டியப்பன் டீ வாங்கக் கீழே இறங்கியதும், வீராயி என்னைப் பக்கத்தில் வரச் சொன்னாள்.

“அண்ணே, ஞாயித்துக்கெழம அவர இங்கயே இருக்கச் சொல்லுங்க. எனக்கு ஓட்டமெல்லாம் வேண்டாம். பக்கத்துல ஒக்காந்து பேசிக்கிட்டிருந்தாப் போதும்.”

“நீயே சொல்லலாமேம்மா.”

“நான் சொன்னா, பயப்படுறேன்னு நெனைக்கிறாரு. நீங்க சொன்னாக் கேப்பாரு.”

திரும்பி வரும்போது பஸ்ஸில் சொன்னேன். அவள் நினைத்தது சரிதான். “பயந்துபோய்க் கெடக்கா பாய். ஞாயித்துக்கெழம ஒம்போது மணிக்கு ஓட்டம் முடிஞ்சிரும். பத்து மணி பஸ்ஸப் புடிச்சா மத்தியானம் அவகிட்ட இருப்பேன்” என்றான். நான் இன்னும் அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும். வீட்டில், பார்க்கில், பஸ் கண்டக்டரிடம் என்று எதற்கெடுத்தாலும் மல்லுக்கு நிற்கிற நான், சண்டை போட வேண்டிய அந்த ஒரு நாளில் வாயை மூடிக்கொண்டு ஜன்னல் வழியாக வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரைக்கு ஓட்டம். சும்மா சொல்லக் கூடாது, கூட்டம் நல்ல கூட்டம். ராஜா, ராணி, எலும்புக்கூடு, வாழைப்பழம், சேர்ந்து ஒரே ஆட்டோவாக வேஷம் போட்ட நான்கு காலேஜ் பையன்கள். ஆண்டியப்பன் வலது மணிக்கட்டில் மஞ்சள் கிழங்கு கோத்த காப்பைக் கட்டிக்கொண்டான். உடுப்புப் பையையும் செல்போனையும் என்னிடம் கொடுத்தான். “முடிச்சிட்டு வாரேன் பாய்” என்றான். தலையை மாட்டிக்கொண்டான். அதன்பிறகு பேச்சில்லை.

அன்றைக்கு ராட்டினம் ஓடாது. விளக்கு மட்டும் எரிய வேண்டும். கண்ட்ரோல் ரூம் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். ஒவ்வொரு சுற்றும் என் எதிரே வந்துதான் தண்ணீர்ச் சறுக்குப் பக்கம் திரும்பும். முதல் சுற்றில் கூட்டத்தோடு வந்தான். இரண்டாவதில் கூட்டம் முன்னால் போய்விட்டது. ஆட்டோப் பையன்கள் பிரிந்து தனித்தனியாக நடந்தார்கள். கரடி மட்டும் ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது.

அவன் மூன்றாவது சுற்றில் இருக்கும்போது போன் அடித்தது. ஞானமணி.

“அண்ணே, அக்காவுக்கு மூச்சு வாங்குது. மாமாவக் கேட்டுக்கிட்டே இருக்கு. குடுங்கண்ணே.”

அவன் என் எதிரே வந்ததும் போனைத் தூக்கிக் காட்டி, “ஆஸ்பத்திரியிலருந்துய்யா, வீராயி பேசணுமாம்” என்று கத்தினேன். ஓடிக்கொண்டே போனைப் பார்த்தான். வலது கையைத் தூக்கிக் காப்பைக் காட்டினான். போய்விட்டான்.

அடுத்த சுற்றுக்குள் ஞானமணி இரண்டு தடவை கூப்பிட்டாள். இரண்டாவது தடவை அவளுக்குப் பேச்சே வரவில்லை. நர்ஸ் வாங்கி, அவர் வீட்டுக்காரர் எங்கே, உடனே வரச் சொல்லுங்கள் என்றார். நான்காவது சுற்றில் அவன் வந்ததும் நடுப் பாதையில் போய் நின்று மறித்தேன். நின்றான். “போதும்யா. நெலம சரியில்ல. தலையக் கழட்டு, இப்பவே கார் புடிச்சுப் போயிரலாம்” என்றேன். இரண்டு கையையும் கூப்பினான். அந்தத் தடித்த கரடிக் கையுறையோடு என்னைக் கும்பிட்டான். கும்பிட்டபடியே என்னைச் சுற்றிக்கொண்டு ஓடினான்.

அப்போது நான் அந்தத் தலையைப் பிடித்து இழுத்துக் கழற்றியிருக்கலாம். இரண்டு கொக்கிதான். என்னால் முடியவில்லை. அதற்குப் பிறகு வீராயிக்கு ஏதாவது ஆனால், நான் கழற்றியதால்தான் ஆனது என்று அவன் சாகிறவரை நினைப்பான். நானும் நினைப்பேனோ என்று எனக்குப் பயமாக இருந்தது. துபாய் போய் வந்து என்ன பிரயோஜனம்.

ஐந்தாவது சுற்று முடிகிற நேரம் மறுபடியும் போன். இந்தத் தடவை வீராயியே பேசினாள். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிறமாதிரி இருந்தது.

“அண்ணே... அவரு காதுல வைங்க.”

கரடி வந்தது. இப்போது ஓட்டம் இல்லை, தள்ளாடி நடை. கெட்டுப்போன முழங்காலோடு நானும் கூடவே ஓடி, ஸ்பீக்கரைப் போட்டு, போனை அந்த ஸ்பாஞ்ச் தலையின் காதோரம் வைத்து அழுத்தினேன்.

“ஏங்க” என்றாள் வீராயி. “என்னங்க. ஒரே ஒரு வார்த்த பேசுங்க. ஒங்க கொரலக் கேட்டுட்டுப் போயிர்றேன்.”

அவன் பேசவில்லை. உள்ளே மூச்சு வாங்குகிற சத்தம் மட்டும் கேட்டது. அவள் இன்னும் ஒருமுறை, “ஏங்க” என்றாள். பதிலுக்குக் கொஞ்சநேரம் காத்திருந்தாள். அப்புறம் அந்தப் பக்கம் போன் கட்டாகிவிட்டது. அவன் திரும்பியே பார்க்கவில்லை. தண்ணீர்ச் சறுக்குப் பக்கம் திரும்பிப் போனான்.

அவன் ஆறாவது சுற்றில் இருக்கும்போது, எட்டு நாற்பதுக்கு, வீராயி போய்விட்டாள். ஞானமணி போனில் அழுத சத்தத்திலேயே தெரிந்தது. நான் கண்ட்ரோல் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு முடிக்கிற இடத்துக்குப் போனேன்.

கடைசி ஆளாக வந்தான். மைக்கில் அவன் பெயரைச் சொன்னார்கள். எல்லோரும் கை தட்டினார்கள். மேனேஜர் கழுத்தில் மெடலைப் போட்டார். யாரையும் கவனிக்காமல் நேரே தண்ணீர் டிரம்மிடம் போனான்; தலையைக் கழற்றினான்; ஒரு வாளித் தண்ணீரை உச்சியில் ஊற்றிக்கொண்டான். பிறகு என்னைப் பார்த்தான். அப்படி ஒரு சிரிப்பை நான் அவன் முகத்தில் பார்த்ததே இல்லை. ஈரக் கையை நீட்டி,

“போனக் குடுங்க பாய். இனிமே பேசலாம்” என்றான்.

நான் கொடுக்கவில்லை. அவன் கை நீட்டியபடியே இருந்தது. என் முகத்தைப் பார்த்துப் பார்த்து அவன் சிரிப்புக் குறைந்தது. ஈரத் தரையில் அப்படியே உட்கார்ந்தான். வாழைப்பழ வேஷம் போட்ட ஒரு பெண் ஓடிவந்து, மயக்கமா என்று விசாரித்தாள்.

சாயங்காலம் ஆஸ்பத்திரியிலிருந்து அமரர் ஊர்தியில் ஊருக்குக் கொண்டுவந்தோம். ஞானமணி முன்னால் டிரைவர் பக்கத்தில். பின்னால் பெட்டிக்கு இந்தப் பக்கம் அவன், அந்தப் பக்கம் நான். திருச்சியிலிருந்து பேசிக்கொண்டே வந்தான், அவளிடம். ஆறு சுற்றையும் ஒவ்வொன்றாகச் சொன்னான். மூன்றாவதில் குதிகால் எரிந்ததைச் சொன்னான். வீட்டில் ஆடு இரண்டு குட்டி போட்டதைச் சொன்னான். அவள் கேட்ட ஒரு வார்த்தையை, ஆயிரம் வார்த்தையாக அவள் காலடியில் கொட்டிக்கொண்டு வந்தான். என்னால் தாங்க முடியவில்லை. விராலிமலை தாண்டியதும் சட்டென்று நிறுத்தி என் பக்கம் திரும்பினான்.

“பாய், போன என் காதுல வச்சீங்களே. அவ என்ன சொன்னா?”

“ஒனக்குக் கேக்கலையா?”

“அந்த ஸ்பாஞ்சுக்குள்ள எம் மூச்சுதான் பாய் கேட்டுச்சு. அவ கொரலு வந்துச்சு, பேச்சுப் புரியல. என்ன சொன்னா?”

ஐந்து வேளை தொழுகிறவன் நான். என் பொய்க்கு நான்தான் பதில் சொல்ல வேண்டும். சொல்லிக்கொள்கிறேன்.

“பாத்து ஓடுங்கன்னுச்சு. அவசரமில்ல, முடிச்சிட்டு வாங்கன்னுச்சு.”

அவன் கொஞ்சநேரம் என்னையே பார்த்தான். பிறகு பெட்டிமேல் கையை வைத்து, “அவளுக்குத் தெரியும் பாய். நான் ஏன் பேசலன்னு அவளுக்குத் தெரியும்” என்றான்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து வேலைக்கு வந்துவிட்டான். மறுபடியும் கேட்டில் கரடி. துக்கம் விசாரிக்கிறவர்கள் எல்லோரிடமும், கடைசியாக வீராயி என்ன சொல்லிவிட்டுப் போனாள் என்று ஒரு வார்த்தை மாறாமல் சொல்கிறான். சொல்லிவிட்டு, “பாய் தன் காதால கேட்டாரு” என்கிறான். அவர்கள் என்னைப் பார்க்கிறார்கள். நானும் ஆமாம், கேட்டேன் என்கிறேன்.