உப்புப் போட்ட குழி

நான்கு வருடங்களுக்கு முன்பு, பங்குனி வெயில் கொளுத்திய ஒரு மத்தியானம், மலையாள எல்லையில் எருத்தேன்பதியை ஒட்டிய எங்கள் தோட்டத்தில் நடந்தது இது.

வீட்டிலிருந்து மாட்டுக் கட்டுத்தரைக்குப் போகும் இரண்டு ஒயரில் ஒன்று, தென்னை மட்டை விழுந்து அறுந்துபோயிருந்தது. நியூட்ரல் ஒயர். அது இல்லாமல் தொட்டிக்குத் தண்ணீர் இறைக்கும் சின்ன மோட்டார் ஓடாது. புது ஒயர் இழுக்க ஆள் வர ஒரு வாரமாகும் என்றார்கள். என் கணவரின் அண்ணன், நான் மாமா என்று கூப்பிடுகிறவர், அதுவரை காத்திருக்கிற ஆள் இல்லை. கட்டுத்தரைக்குப் பக்கத்தில் குழி தோண்டி, ஒரு இரும்புக் கம்பியை அடித்து இறக்கி, அறுந்த ஒயருக்குப் பதிலாக மோட்டாரை அந்தக் கம்பியோடு சேர்த்துவிட்டார். எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் பலரும் செய்வதுதான். பூமி கரண்டைக் குடித்துவிடும் என்பார்கள். நன்றாகக் குடிக்கட்டும் என்று குழியில் கல்லுப்பைக் கொட்டி, காயக் காயத் தண்ணீர் ஊற்றுவார்கள். கரண்ட் கசிந்தால் தானாக விழுகிற சுவிட்ச் ஒன்று வீட்டில் உண்டு. கம்பியைச் சேர்த்ததும் அது விழுந்துகொண்டே இருந்தது. அந்த சுவிட்சுக்குள் போகாமல் சுற்றி நேராக ஒயர் கொடுத்துவிட்டார்.

தண்ணீர் ஊற்றுவது என் வேலையானது. இரண்டாம் நாளே உள்ளங்காலில் எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தது.

"மாமா, குழிகிட்ட போனா கால் சுருசுருங்குதுங்க" என்றேன்.

"ஈரத்துல நின்னா அப்படித்தான் இருக்கும். உன்ற பயத்துக்கு ஒரு மீட்டர் வெச்சா நம்மூருக்கே கரண்ட் குடுக்கலாம் அம்மிணி" என்றார். என் கணவரும் சிரித்தார்.

அவர்கள் சிரித்ததிலும் நியாயம் உண்டு. நான் எட்டாவதோடு படிப்பை விட்டவள். கேஸை மூடினேனா என்ற சந்தேகத்தில் பஸ்ஸிலிருந்து இறங்கித் திரும்பி வந்திருக்கிறேன். அப்படிப்பட்டவள் சொன்னால் யார் கேட்பார்கள்?

எங்களிடம் ஒரு கிடேரி இருந்தது. முதல் சினை, ஏழு மாதம். கன்றிலிருந்தே நான் வளர்த்தது. அது ஈன்றால் பால் சொசைட்டியில் என் பேரில் பால் ஊற்றலாம் என்று இருந்தேன். அந்த வீட்டில் என்னுடையது என்று சொல்ல அது ஒன்றுதான்.

அன்றைக்கு மோட்டார் உறுமியது, தண்ணீர் வரவில்லை. கட்டுத்தரையின் அந்தக் கோடியில் மோட்டார் பக்கத்தில் நின்றபடியே மாமா கத்தினார். "அம்மிணி, குழி காஞ்சு கெடக்குது. ரண்டு பக்கெட் ஊத்தி உடு."

வீட்டு வாசல் குழாயில் பக்கெட்டை நிரப்பினேன். அங்கேயே நின்றேன். "சுவிச்ச நிறுத்துங்க மாமா, அப்பறம் ஊத்தறேன்" என்றேன்.

"நிறுத்திப்போட்டா தண்ணி எடுக்குதான்னு எப்படித் தெரியும்? வா வா, ஒண்ணும் கடிச்சுப்போடாது."

அவர் சொல்லி முடிப்பதற்குள், கயிறு அவிழ்ந்து மேய்ந்துகொண்டிருந்த கிடேரி குழிக்கு வந்துவிட்டது. மாட்டுக்கு உப்பு என்றால் விடுமா? தலையைக் குனிந்து கம்பியோரம் நக்கியது. ஒரு சத்தம்கூட இல்லை. நான்கு காலும் விறைத்து அப்படியே சாய்ந்தது.

"பாம்பு! பாம்பு!" என்று கத்திக்கொண்டு அவர் மாட்டைப் பார்த்து ஓடினார். எனக்குப் பாம்பு தோன்றவில்லை, என் உள்ளங்கால்தான் ஞாபகம் வந்தது. பக்கெட்டைப் போட்டுவிட்டு வீட்டுக்குள் ஓடி மெயின் சுவிட்சை இறக்கினேன். திரும்பி வந்தபோது அவர் மாட்டின் கழுத்தைக் கட்டிப் பிடித்துத் தூக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். கம்பி அவர் முழங்காலில் இடித்துக்கொண்டிருந்தது. கிடேரியின் கண் திறந்தே இருந்தது.

மிருக டாக்டர் கரண்ட்தான் என்று சொல்ல, கரண்ட் ஆபீஸ் ஓவர்சியர் வந்தார். பாதி மலையாளத்தில் திட்டிக்கொண்டே கம்பியைப் பிடுங்கச் சொன்னார். பூமி எதையும் குடிப்பதில்லையாம். ஒயருக்குள் எலக்ட்ரான் என்று கண்ணுக்குத் தெரியாத பொடிகள் இருக்கின்றனவாம். டிரான்ஸ்ஃபார்மரில் கிளம்பி அங்கேயே போய்ச் சேர முழுசாக ஒரு வழி இருந்தால்தான் அவை ஓடுமாம். குழி ஈரமாக இருந்தவரை மண்ணுக்குள் வழி இருந்தது. காய்ந்ததும் வழி அடைபட்டு, வேகம் முழுக்கக் கம்பியிலேயே நின்றுவிட்டது. ஈர மூக்கோடு வந்த மாடு அதற்கு வழியானது. மெயினை இறக்கியது யார் என்று கேட்டார். நான்தான் என்றேன். "அல்லெங்கில் ரெண்டு சவம்", இல்லாவிட்டால் மாட்டோடு இன்னொரு பிணமும் விழுந்திருக்கும் என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிப் போனார்.

ஓவர்சியர் அங்கே இருந்தவரை மாமா தலையாட்டிக்கொண்டு நின்றார். சாயங்காலம் துக்கம் கேட்க வந்தவர்களிடம் வேறு கதை சொன்னார்.

"மாடு வுழுந்ததும் அம்மிணி எடுத்தா பாருங்க ஒரு ஓட்டம்! வளத்த மாட்டைத் திரும்பிக்கூடப் பாக்கலீங்க. ஊட்டுக்குள்ள போயித்தான் நின்னா!"

எல்லோரும் சிரித்தார்கள். துக்க வீட்டில் சிரிப்பா என்று யாருக்கும் தோன்றவில்லை, மாடுதானே. என் கணவர் நடந்தது தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. அண்ணனை நாலு பேர் முன்னால் விட்டுக்கொடுக்க முடியுமா என்று ராத்திரி என்னிடம் கேட்டார்.

இப்போது வேறு மாடுகள் வந்துவிட்டன, அவை எதுவும் என்னுடையது இல்லை. விசேஷ வீடுகளில் இன்னமும் மாமா நான் ஓடிய கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறார். கேட்டுச் சிரிக்கிறவர்களில் ஒருவருக்காவது, மாடு செத்த இடத்தில் இவர் மட்டும் எப்படிப் பிழைத்தார் என்று கேட்கத் தோன்றாதா என்று ஒவ்வொரு தடவையும் காத்திருந்து பார்க்கிறேன்.